ஆறு வயது மகளும் எழுபத்திரண்டு வயது அப்பாவும் ஒரே கார்ட்டூனுக்குச் சிரிப்பது ஏன்? எங்கள் வடகப் பாக்கெட்டுக்குச் சித்திரம் பொருந்துமா?

அம்மாப்பேட்டை வடகக் கடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக ஜவ்வரிசி வடகமும் அரிசி அப்பளமும் செய்து விற்று வருகிறது. இதுவரை கடையின் பெயர் மட்டும் அச்சிட்ட பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் கொடுத்து வந்தோம். இப்போது நாமக்கல், ஈரோடு மளிகைக் கடைகளிலிருந்தும் சரக்குக் கேட்பதால் முறையான பாக்கெட் அடிக்க வேண்டியிருக்கிறது. அதை வடிவமைக்கும் நண்பர், பெயரோடு ஒரு கார்ட்டூன் உருவமும் இருந்தால்தான் கடைத் தட்டில் கண்ணில் படும் என்கிறார். அப்பாவுக்கு அதில் உடன்பாடில்லை. வடகம் வாங்குகிறவர்கள் வீட்டுப் பெரியவர்கள் என்றும், பொம்மை போட்டால் குழந்தைகள் தின்பண்டம் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள் என்றும் அவர் சொல்கிறார்.

இந்தப் பேச்சு நடந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் மகள் தொலைக்காட்சியில் டாம் அண்ட் ஜெர்ரி பார்த்துக்கொண்டிருந்தாள். பூனையின் முகத்தில் இஸ்திரிப் பெட்டி விழுந்து, முகம் அந்தப் பெட்டியின் வடிவத்துக்கே மாறிப்போன இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பிப் பார்த்தால், செய்தியைத் தவிர வேறெதையும் பார்க்காத அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் சிரித்தது ஒரே நொடியில். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அறுபத்தாறு ஆண்டு இடைவெளியுள்ள இருவரை ஒரு கோட்டுச் சித்திரம் எப்படி ஒரே நேரத்தில் தொடுகிறது? பெயிண்ட், டயர், விமானம் என்று பெரியவர்களே வாங்கும் பொருள்களுக்குக்கூட நிறுவனங்கள் ஏன் கார்ட்டூனை நாடுகின்றன?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சகத்தில் கவர் அடிக்கக் கொடுத்தபோது, அழகாக இருக்கட்டும் என்று அவர்களே உலகப் புகழ்பெற்ற ஓர் எலியின் படத்தை இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்துவிட்டார்கள். ஒரு கடைக்காரர் அதைப் பார்த்து, வழக்கு வந்தால் தன் தலையிலும் விழும் என்று சரக்கைத் திருப்பி அனுப்பினார். எட்டாயிரம் கவர்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டோம். இந்த முறை தெரிந்து செய்ய விரும்புகிறேன்.

சுவர் ஓவியர், குகை

தம்பி, நான் சேலம் குகைப் பகுதிக்காரன்; 1980-களின் நடுவில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மூத்த ஓவியரிடம் வண்ணம் குழைக்கச் சேர்ந்தவன். சுவர் விளம்பரம், பெயர்ப்பலகை, சினிமா பேனர் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். புத்தகத்தில் படித்ததைச் சொல்ல என்னால் முடியாது. சாரத்தின் மேல் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு நடிகரின் முகத்தைப் பத்தடி உயரத்துக்கு வரைய வேண்டுமானால் படத்தில் கட்டம் போட்டு, சுவரிலும் கட்டம் போட்டு, நெற்றிக்கு ஒரு நிறம், கன்னத்துக்கு ஒரு நிறம், மூக்கின் நிழலுக்கு ஒரு நிறம் என்று குறைந்தது ஏழெட்டுக் கலவை குழைக்க வேண்டும். அவ்வளவு செய்தும் மூக்கு ஒரு விரல் அகலம் விலகினால் பார்க்கிறவர் ‘இது அவர் இல்லையே’ என்று சொல்லிவிடுவார். இரண்டு மழை அடித்து நிழல் வெளுத்துவிட்டால் முகமே வேறொருவராகிவிடும். கார்ட்டூன் உருவத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்துக்கு ஆர்.கே. லக்ஷ்மண் 1954-இல் வரைந்து கொடுத்த கட்டு என்ற சிறுவனை எடுத்துக்கொள்ளுங்கள். கலைந்த தலைமுடி, கையில் பிரஷ், பெயிண்ட் டப்பா, குறும்புப் பார்வை, அவ்வளவுதான். கத்துக்குட்டி வரைந்த கட்டுவும் கட்டுதான். பாதி வெளுத்துப் போன கட்டுவும் கட்டுதான். ஓமலூர் சாலையில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவருக்குச் சுவர் கண்ணில் படுவது இரண்டு மூன்று நொடிதான். எழுத்தைப் படித்து முடிக்கும் முன் சுவர் பின்னால் போய்விடும். உருவத்தை அதற்குள் மனம் வாங்கி வைத்துக்கொள்ளும்.

வயது பற்றிக் கேட்டீர்கள். சுவரில் வெறும் எழுத்து எழுதும்போது யாரும் நின்று பார்ப்பதில்லை. கார்ட்டூன் வரையும்போது பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் நிற்பார்கள், தள்ளுவண்டிக்காரர் நிற்பார், பென்ஷன் வாங்கித் திரும்பும் பெரியவரும் நிற்பார். எல்லாரும் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான். உடல், கை, கால், முகம் எல்லாம் வரைந்து முடித்த பிறகு கடைசியாகத்தான் கண்மணியை வைப்போம். சிலைக்குச் சிற்பி கண் திறப்பதுபோல என்று என் குருநாதர் சொல்வார். அந்த ஒரு கறுப்புப் புள்ளியை வெள்ளையின் நடுவில் வைத்தால் பையன் நம்மைப் பார்ப்பான். ஓரத்துக்கு ஒரு விரற்கடை தள்ளினால் எதையோ திருடப் போகிறவன்போல் ஆகிவிடுவான். மேலே ஏற்றினால் அப்பாவி. ஒரு புள்ளி நகர்வதால் பத்தடிச் சுவர் முழுவதும் குணம் மாறுவதை ஆறு வயதுப் பிள்ளையும் புரிந்துகொண்டு சிரிக்கிறது, எழுபது வயதுப் பெரியவரும் புரிந்துகொண்டு சிரிக்கிறார். முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? எழுத்துக்கும் மொழிக்கும் முன்னால் நாம் கற்றது அம்மாவின் முகத்தைத்தான்.

அமுல் வெண்ணெய் விளம்பரச் சிறுமியை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அவளுக்கு மூக்கு கிடையாது. பலருக்கு இதைச் சொன்ன பிறகுதான் தெரிகிறது. இல்லாத மூக்கைப் பார்க்கிறவரே மனத்தில் வரைந்துகொள்கிறார். வரைகிறவன் எதை விட்டுவிடுகிறானோ அதைப் பார்க்கிறவர் தம்மிடமிருந்து எடுத்து நிரப்புகிறார் என்பதுதான் என் நாற்பது ஆண்டு அனுபவம். அப்படி நிரப்பிய பிறகு அந்த உருவம் பாதி அவருடையதாகிவிடுகிறது.

பாக்கெட் அச்சைப் பற்றி ஒரு சொல். என் மகன் அந்தத் தொழிலில் இருக்கிறான். பிளாஸ்டிக் பாக்கெட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு உருளை (சிலிண்டர்) வெட்ட வேண்டும்; நிறம் கூடினால் செலவும் கூடும். புகைப்படம் போட்டால், நிறத்தின் மேல் நிறம் சரியாக உட்காராத ரோல்களில் வடகம் மங்கித் தெரியும். தடித்த கோடும் தட்டையான இரண்டு நிறமும் கொண்ட சித்திரம் அந்தப் பிசகைத் தாங்கிக்கொள்ளும்.

ஏற்காடு ஆசிரியை

மேலே ஓவியர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வகுப்பறையில் கண்ட ஒன்றை எழுதத் தோன்றியது. மலையில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் பணியாற்றுகிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் காபித் தோட்டத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள். ஒருநாள் வட்டம் கற்பிக்கும்போது கரும்பலகையில் ஒரு பெரிய வட்டத்தையும் அதன் மேல் இரண்டு சிறு வட்டங்களையும் போட்டேன். கண்ணோ வாயோ எதுவும் வரையவில்லை. வகுப்பே ஒரே குரலில் ‘மிக்கி மவுஸ்’ என்றது. சத்துணவுக் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த சமையல் அம்மாவும், பெயர் நினைவுக்கு வராமல், ‘அந்த எலிதானே டீச்சர்’ என்றார். 1928 நவம்பரில் திரைக்கு வந்த ஓர் எலி, மூன்று வட்டங்களாகச் சேர்வராயன் மலையில் இன்றும் அடையாளம் காணப்படுகிறது. அந்த வட்டங்கள் அழகுக்காக மட்டும் வந்தவையும் அல்ல. ஒரு நொடித் திரைப்படத்துக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள், வேண்டும். ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் 12 ஓவியங்கள் கையால் வரைய வேண்டும். அவ்வளவையும் விரைவாகவும் ஒன்றுபோலவும் வரைய வட்டத்தைவிட எளிய வடிவம் இல்லை.

அறிவியல் தரப்பிலும் ஒரு விளக்கம் உண்டு. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த ஆஸ்திரியர் கான்ராட் லோரென்ஸ் 1943-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். உடலுக்குப் பெரிய தலை, முகத்துக்குப் பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டைக் கைகால் ஆகிய குழந்தைத் தன்மைகளைக் கண்டால், அது நம் குழந்தையாக இல்லாவிட்டாலும், வேறோர் உயிரினத்தின் குட்டியாகவே இருந்தாலும், மனிதரிடம் பரிவு சுரக்கிறது என்பது அவர் கூற்று. பின்னாளில் அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட், மிக்கியின் பழைய படங்களையும் புதிய படங்களையும் அளந்து பார்த்து, ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் தலையும் கண்களும் பெரிதாகிக்கொண்டே வந்ததைக் காட்டினார். ஊருக்கு வயது ஏறியபோது எலிக்கு மட்டும் வயது இறங்கியிருக்கிறது. நம் சோட்டா பீமும் 2008-இல் தொலைக்காட்சிக்கு வந்ததிலிருந்து வளரவே இல்லை. அவனை முதலில் பார்த்த பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறார்கள். மே மாதக் கோடை விழாவில் பூக்களால் அமைத்த கார்ட்டூன் உருவத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால், பிள்ளை இல்லாமல் தனியாக வந்த பெரியவர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் நாடுவது அந்த உருவத்தோடு சேர்ந்து வரும் தங்கள் பத்து வயதை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் உங்கள் அப்பாவின் சிரிப்பு அதைச் சேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. அவர் சிறுவயதில் அந்தப் பூனையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 1940-இல் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் தொடங்கிய அந்தத் தொடரில் பேச்சு மிகக் குறைவு. இசையும் அடியும் ஓட்டமும்தான் மொழி. மகள் பூனை நசுங்கியதற்குச் சிரித்தாள். இத்தனை முறை தோற்றும் நாளை மறுபடி கிளம்பப் போகிற அந்தப் பூனையை, தொழில் செய்து பிழைத்த ஒரு மனிதர் வேறு விதமாகப் பார்த்துச் சிரித்திருப்பார். படம் ஒன்று, இரண்டு பேர் இரண்டு வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறார்கள்.

ஆசிரியை என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த ஈர்ப்புக்கு நல்லது கெட்டது தெரியாது. அமெரிக்காவில் 1988-இல் ஒரு சிகரெட் நிறுவனம் ஜோ கேமல் என்ற ஒட்டகக் கார்ட்டூனை விளம்பரத்தில் கொண்டுவந்தது. 1991-இல் மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், ஆறு வயதுக் குழந்தைகள் அந்த ஒட்டகத்தை ஏறக்குறைய மிக்கி அளவுக்கே அடையாளம் கண்டுகொண்டது தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்து 1997-இல் அதைக் கைவிட்டார்கள். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுப் பாக்கெட்டுகளில் குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன்களைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே சித்திரம் போடுங்கள். குழந்தை அழுது அடம்பிடித்து வாங்க வைக்கும் சித்திரமாக அது வேண்டாம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டம் என்பது பார்த்ததும் விளங்கட்டும்.

பழைய இதழ் சேகரிப்பவர்

கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கானது என்ற எண்ணமே தொலைக்காட்சிக்குப் பின் வந்தது என்பதைத் தங்கள் தந்தையாரிடம் சொல்லுங்கள். தமிழில் கருத்துப்படம் பிறந்ததே பெரியவர்களுக்காகத்தான். 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் ஆங்கிலேய ஆட்சியைச் சாடும் சித்திரங்களை வெளியிட்டார். பின்னர் விகடனில் மாலியும் கோபுலுவும் மதனும் வரைந்தவற்றைத் தாத்தாக்கள்தாம் முதலில் கைப்பற்றிப் படித்தார்கள். மதனின் ரெட்டைவால் ரெங்குடு சிறுவன்தான், ஆனால் அவன் கேட்ட கேள்விகளுக்குச் சிரித்தவர்கள் பெற்றோர்கள்.

டயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1894-இல் பிரான்சின் லியோன் நகரக் கண்காட்சியில் அடுக்கி வைத்த டயர்கள், கை மட்டும் இருந்தால் மனிதனாகிவிடும்போல் டயர் தயாரித்த மிஷலின் சகோதரர்களுக்குத் தோன்றின. 1898-இல் ஓகலோப் என்ற புனைபெயரில் வரைந்த ஓவியர் அதற்கு உருவம் கொடுத்தார். அந்த மனிதன் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அக்காலத்து டயர்கள் வெளிர் நிறத்தில் இருந்ததுதான். பொருளே உருவமாக மாறியதால் அது இன்றுவரை நிலைத்திருக்கிறது. உங்கள் வடகத்துக்கும் வெளியிலிருந்து ஒரு பொம்மையைத் தேடாமல், வடகம் பிறக்கும் இடத்திலேயே தேடுங்கள்.

வணிகக்குறி (டிரேட்மார்க்) ஆலோசகர், அஸ்தம்பட்டி

நிறுவனங்கள் கார்ட்டூனை நாடுவதற்கு மேலே சொன்னவற்றோடு உரிமை என்ற காரணமும் உண்டு. நடிகரை வைத்து விளம்பரம் செய்தால் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் போட்டி நிறுவனத்துக்குப் போகலாம். அவர் பெயர் கெட்டால் பொருளின் பெயரும் கெடும். முதுமை வந்தால் விளம்பரத்தை மாற்ற வேண்டும். ஏர் இந்தியாவின் மகாராஜா 1946 முதலும், அமுல் சிறுமி 1966 முதலும் முதுமை அடையாமல் இருக்கிறார்கள். அமுல் சிறுமி அன்றன்றைய செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதால், நாட்டின் கதை மாறுகிறது, அவள் மாறுவதில்லை. கார்ட்டூன்போல் தோன்றும்படி செய்வதற்கே சிலர் பெரும் முயற்சி எடுத்திருக்கிறார்கள். 2009-இல் ஐபிஎல் ஆட்டங்களுக்கு இடையே வந்த வோடபோன் விளம்பர உருவங்களான ஜூஜூக்களை எல்லாரும் கணினி வரைகலை என்றே நினைத்தோம். உண்மையில் அவை தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் வெள்ளை உடை அணிந்த நடிகர்களை வைத்துப் படமாக்கியவை.

அந்த எலி விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரி 1 அன்று 1928-ஆம் ஆண்டுப் படத்தின் காப்புரிமை (காப்பிரைட்) அமெரிக்காவில் முடிந்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்து, இனி யாரும் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். பிற்காலத்து வடிவங்களுக்குக் காப்புரிமை தொடர்கிறது. வணிகக்குறி உரிமை அதற்கும் மேல் தனியாக நிற்கிறது.

உங்களுக்கென்று புதிதாக வரைவிக்கும்போது, பணம் கொடுத்துவிட்டோம், படம் நம்முடையது என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஓவியர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவராக இல்லாதபோது, ஓவியத்தின் முதல் உரிமையாளர் யார் என்பதில் தகராறு வர இடமுண்டு. அதனால் உரிமையை அவர் உங்களுக்கு எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்துவிடுவது நல்லது. அந்த எழுத்தில் கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே காப்புரிமைக் காலம் முழுவதற்கும், எல்லா நாடுகளுக்கும் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். பிறகு கிண்டியில் உள்ள வணிகக்குறிப் பதிவகத்தில் பெயரையும் உருவத்தையும் 30-ஆம் வகுப்பில் பதிவு செய்யுங்கள். ஜவ்வரிசியும் மாவுப் பண்டங்களும் அந்த வகுப்பில்தான் வருகின்றன. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

அம்மாப்பேட்டை வடகக் கடை (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்கள் அனைத்தையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மிஷலின் கதையைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘அம்மா வடகம் காயப்போட்டால் மொட்டைமாடியில் கறுப்புக் குடையை விரித்து வைத்துக்கொண்டு காக்கை ஓட்டுவாள், குடையைக் கண்டு எல்லாக் காக்கையும் பறந்துவிடும், ஒன்று மட்டும் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து அவள் கண் அசரும்வரை காத்திருக்கும்’ என்று தம் தாயாரைப் பற்றிச் சொன்னார். அதைக் கேட்ட என் மகள், ‘பாட்டி வடை சுட்ட கதைதானே தாத்தா’ என்றாள். பூனையும் எலியும்போலப் பாட்டியும் காக்கையும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. அப்பாவே ஒரு பழைய நோட்டில் குடையை வரைந்து பார்த்தார். பொம்மை வேண்டாம் என்ற பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

ஓவியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். வடிவமைக்கும் நண்பர் கணினியில் வரைந்த காக்கை, பாடப்புத்தகப் பறவைபோல் இறகு இறகாக, சாம்பல் கழுத்தோடு இருக்கிறது. பார்த்தால் காக்கை என்று தெரிகிறது. ஆனால் அது காத்திருப்பதாகத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

சுவர் ஓவியர், குகை

தம்பி, இறகுகளை எல்லாம் எடுத்துவிடச் சொல்லுங்கள். உடல், வால், மூக்கு மூன்றும் சேர்ந்து ஒரே கறுப்பு வடிவமாக இருக்கட்டும். சாம்பல் கழுத்தையும் விட்டுவிடுங்கள். கழுத்து கறுப்பாக இருப்பதால் அது காக்கை இல்லை என்று சேலத்தில் யாரும் சொல்லப் போவதில்லை, ஒரு சிலிண்டர் செலவும் மிச்சமாகும். குடையும் அதே கறுப்பில் வரட்டும். பாட்டியின் முகத்தைக் குடை பாதி மறைக்கட்டும். கன்னமும் சிரிப்பும் தெரிந்தால் போதும், மீதியை அவரவர் பாட்டியை நினைத்து நிரப்பிக்கொள்வார்கள்.

காக்கை காத்திருப்பது கழுத்திலும் கண்ணிலும்தான் தெரியும். தலையைச் சற்றே சாய்த்து, கண்ணின் வெள்ளையை உண்மையில் இருப்பதைவிட மூன்று மடங்கு பெரிதாக விட்டு, கண்மணியைக் கீழ் ஓரத்தில், பாயில் கிடக்கும் வடகத்தைப் பார்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு பெயர்ப்பலகை வேலை இருக்கிறது. முடித்துவிட்டுக் கடைக்கு வருகிறேன். ஒரு சிலேட்டும் சாக்பீஸும் எடுத்து வையுங்கள். உருவத்தை நான் போட்டுத் தருகிறேன், புள்ளியை எங்கே வைப்பது என்று அப்பாவும் பேத்தியும் பார்த்துச் சொல்லட்டும்.